இரண்டு வருஷம் கழித்து எடுத்த முதல் டெஸ்ட்

திருப்பூரில் ஒரு லேபில் பதினெட்டு வருஷமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். ரத்தம், சிறுநீர், சளி, விந்து என்று தினமும் கையில் வாங்கி, கண்ணால் பார்த்து, ரிப்போர்ட் எழுதுகிற வேலை. இங்கே எழுதப்போவது என் தம்பியும் அவன் மனைவியும் குழந்தைக்காக அலைந்த மூன்றே கால் வருஷத்தைப் பற்றி. இருவருக்கும் படிக்கக் கொடுத்தேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். "நடந்தது எதையும் மறைக்காதீங்க அண்ணி, யாருக்காவது ஒரு வருஷமாச்சும் மிச்சமாகட்டும்" என்று அவள் சொன்னதால் தயங்காமல் எழுதுகிறேன்.

கல்யாணம் 2021 தை மாதம். அவனுக்கு 30, அவளுக்கு 26. அவன் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஷிப்மென்ட் நெருக்கினால் வீடு வர ராத்திரி பதினொரு மணி ஆகும். அவள் உடுமலைப் பக்கத்துப் பெண், தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். சர்க்கரை, பிரஷர், தைராய்டு எதுவும் இருவருக்கும் கிடையாது. சொந்தத்தில் கட்டியதும் இல்லை. அவளுக்கு மாதவிடாய் 29 நாளிலிருந்து 31 நாளுக்குள் தவறாமல் வந்துவிடும், பெரிய வலியும் இருக்காது. அவன் சிகரெட் பிடிக்க மாட்டான், வேலை முடிந்து ஜிம்முக்குப் போவான், உடம்பை நன்றாக வைத்திருப்பான். குழந்தையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று முதல் மாதமே பேசி முடிவு செய்திருந்தார்கள்.

மூன்றாம் மாதமே கேள்வி ஆரம்பித்துவிட்டது. "விசேஷம் ஏதாச்சும் உண்டா?" என்று எங்கள் பெரியம்மா போனில் கேட்பார், பக்கத்து வீட்டு அக்கா வாசலில் கேட்பார், பள்ளிக்கூடத்தில் உடன் வேலை பார்க்கிற டீச்சர்கள் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது கேட்பார்கள். இல்லை என்றால் உடனே டாக்டர் பெயர் ஒன்று வரும். உண்மையில் அப்போது டாக்டருக்கு எந்த அவசியமும் இல்லை. தடுப்பு எதுவும் இல்லாமல், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை சேர்ந்திருக்கிற நூறு ஜோடிகளை எடுத்துக்கொண்டால் எண்பதுக்கு மேல் ஒரு வருஷத்துக்குள் கரு நிற்கிறது. மிச்சமிருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டாம் வருஷத்தில் நிற்கிறது. அதனால்தான் பெண்ணுக்கு 35 வயதுக்குள் என்றால் 12 மாதம் பார்த்துவிட்டுப் போங்கள் என்கிறார்கள். 35 தாண்டிவிட்டால் ஆறு மாதம் போதும். 40 தொட்டுவிட்டால் காத்திருக்கவே வேண்டாம், முயற்சி தொடங்கும்போதே போய்விட வேண்டும், ஏனென்றால் முட்டையின் எண்ணிக்கையும் தரமும் அந்த வயதில் வேகமாகக் குறைகிறது.

இந்த 12 மாதத்தை எண்ணுவதிலேயே நம் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆடிக்கு அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள், ஒரு சுற்று அப்படியே போய்விட்டது. ஆடியில் கரு நின்றால் சித்திரை வெயிலில் பிரசவம் என்கிற பழைய கணக்கு. அதைத் தப்பு என்று சொல்ல வரவில்லை, ஆனால் எண்ணும்போது அந்த மாதத்தைக் கழித்துத்தான் எண்ண வேண்டும். புருஷன் துபாயிலோ சவுதியிலோ இருந்து வருஷத்துக்கு ஒரு மாதம் வந்து போகிற வீடுகளில் "கல்யாணமாகி நாலு வருஷம்" என்பது உண்மையில் நாலு மாதம். அவர்களைப் பயமுறுத்தத் தேவையில்லை. அதே சமயம், பன்னிரண்டு மாதம் சேரட்டும் என்று பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கவும் முடியாது, அவர் லீவில் வந்த முதல் வாரமே இருவரும் அடிப்படைப் பரிசோதனையைச் செய்துவிடுவதுதான் நல்லது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2022 பிப்ரவரி, சரியாக ஒரு வருஷம் முடிந்த கையோடு அவள் டாக்டரிடம் போனாள். நேரம் சரிதான். போன ஆள்தான் பாதி. அவளோடு என் அம்மா போனார், அவன் வண்டியில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். அந்தச் சீட்டை நான் பின்னால் பார்த்தேன். அவளுக்கு எழுதிய ஏழு டெஸ்டுக்குக் கீழே, கடைசி வரியில், கணவருக்கு விந்துப் பரிசோதனை என்று எழுதித்தான் இருந்தது. அந்த வரிக்கு யாரும் போகவில்லை. "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்றான் அவன். அம்மா அதை ஒத்துக்கொண்டார். அடுத்த தடவை போனபோது டாக்டரும் கேட்கவில்லை, வாசலில் அறுபது பேர் உட்கார்ந்திருக்கிற இடம் அது. நானும் கேட்கவில்லை. தினமும் நாலு பேருக்கு இதே டெஸ்டைப் பார்க்கிறவள், என் தம்பியிடம் "எடுத்தாச்சாடா?" என்று ஒரு வார்த்தை கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்துக்கு அவள் ஒரு வருஷம் உடம்பைக் கொடுத்தாள்.

கொடுத்தது என்ன என்று சொல்கிறேன். ஸ்கேனில் "லேசா நீர்க்கட்டி" என்றார்கள். நீர்க்கட்டிப் பிரச்சினை என்று சொல்ல மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்: மாதவிடாய் ஒழுங்கில்லாமல் முட்டை சரியாக வெளிவராதது, ஆண் ஹார்மோன் கூடியதற்கான அடையாளம் (முகத்தில் முடி, தீராத பரு, அல்லது ரத்தத்தில் அளவு), ஸ்கேனில் சினைப்பை பார்க்க அப்படி இருப்பது. இவளுக்குக் கடைசி ஒன்றுதான். மாதம் தவறாமல் வருகிற இளம் பெண்கள் பலருக்கு ஸ்கேன் மட்டும் அப்படித்தான் தெரியும். இருந்தும் மெட்ஃபார்மின் ஆரம்பித்து, வயிறு புரட்டிப் புரட்டி, வகுப்பில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அப்புறம் முட்டை வளர லெட்ரோசோல் மாத்திரை, ஆறு மாதம். மாதத்துக்கு மூன்று நாலு தடவை ஃபாலிக்குலர் ஸ்டடி, அதாவது முட்டை வளர்வதைப் பார்க்கிற ஸ்கேன். முட்டைப்பை 18, 20 மில்லிமீட்டர் என்று ஒவ்வொரு மாதமும் ஒழுங்காக வளர்ந்து வெடித்திருக்கிறது, ரிப்போர்ட்டெல்லாம் இருக்கிறது. முட்டை வருகிறது என்பதை முதல் மாதமே அவள் உடம்பு சொல்லிவிட்டது. அதையே இன்னும் ஐந்து மாதம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஸ்கேன் முடிந்ததும் "இன்னிக்கும் நாளைக்கும் சேருங்க" என்று அனுப்புவார்கள். அதைப்போல ஒரு வீட்டைக் கெடுக்கிற வாக்கியம் கிடையாது. அன்றைக்கென்று அவனுக்கு ஷிப்மென்ட் இருக்கும், இல்லை சண்டை இருக்கும். கரு நிற்கக்கூடிய நாட்கள் முட்டை வெளிவருகிற நாளும் அதற்கு முந்தின ஐந்து நாளும், ஆக மொத்தம் ஆறு. விந்தணு உள்ளே ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கும், முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்கூட முழுசாக இல்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை சேர்ந்திருந்தால் எந்த நாளையும் தவறவிட மாட்டார்கள், காலண்டரும் தேவையில்லை. "சேர்த்து வைத்து" 14ஆம் நாளுக்குக் காத்திருப்பதில் ஒரு பயனும் இல்லை.

அதே வருஷம் செப்டம்பரில் டியூப் டெஸ்ட். மாதவிடாய் ரத்தம் நின்றபின், சுற்றின் பத்தாம் நாளுக்குள் கர்ப்பப்பை வாய் வழியாக மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள், இரண்டு கருக்குழாயும் திறந்திருந்தால் மருந்து வயிற்றுக்குள் சிந்துவது படத்தில் தெரியும். சிலருக்கு லேசாகத்தான் வலிக்கும். இவளுக்கு அப்படி இல்லை. மேஜையின் இரும்புக் கம்பியைப் பிடித்ததில் உள்ளங்கையில் பள்ளம் விழுந்திருந்தது, எழுந்து வந்ததும் ஆட்டோவில் என் மடியில் சாய்ந்துகொண்டாள். இரண்டு குழாயும் திறந்திருந்தன. டியூப் டெஸ்டைத் தேவையில்லாதது என்று நான் சொல்லமாட்டேன், நம் நாட்டில் காசநோய்க் கிருமி சத்தமில்லாமல் குழாயை அடைத்துவிடுவது நிறையப் பேருக்கு நடக்கிறது, எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு டப்பாவில் விந்து எடுத்துப் பார்ப்பது வலியில்லாத வேலை, செலவும் மிகக் குறைவு. குழந்தை தாமதமாகிற ஜோடிகளில் சுமார் பாதிப் பேருக்கு ஆண் பக்கத்திலும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. வலியில்லாத டெஸ்டை விட்டுவிட்டு வலிக்கிற டெஸ்டை முதலில் செய்தோம், அது அவளுடைய உடம்பு என்பதால்.

நடுவில் அம்மா இருவரையும் திருக்கருகாவூருக்கு அழைத்துப் போனார். கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில் மந்திரித்துக் கொடுக்கிற நெய்யைப் புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு பேருமே 48 நாள் சாப்பிட வேண்டும். அவனும் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டான். கோயிலில்கூட இருவரையும் கேட்கிறார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

2023 பிப்ரவரியில் ஐ.யூ.ஐ. செய்யலாம் என்று பேச்சு வந்தது. விந்தைக் கழுவி நேராகக் கர்ப்பப்பைக்குள் செலுத்துகிற முறை. அதற்கு அவன் சாம்பிள் கொடுத்தே ஆக வேண்டும். வெளியூரில் ஒரு லேபில் கொடுத்தான். அன்று ராத்திரி ஒன்பதரைக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்டின் போட்டோ வந்தது, கீழே "அக்கா இது என்ன" என்று மட்டும். எண்ணிக்கை என்ற இடத்தில் "இல்லை" என்று இருந்தது. மறுநாள் அவர்களுக்குச் சொல்லப்பட்டது: தானமாக வாங்கிய விந்து, இல்லையென்றால் விதைப்பையிலிருந்து ஊசியால் எடுத்துப் பார்த்து டெஸ்ட் டியூப் குழந்தை. தானம் வாங்குவதில் தலைகுனிய ஒன்றுமில்லை, 2021ஆம் வருஷச் சட்டப்படி பதிவு பெற்ற வங்கி வழியாக, இருவரின் எழுத்துச் சம்மதத்தோடு எத்தனையோ பேர் குழந்தை பெற்றிருக்கிறார்கள். எனக்கு உறுத்தியது வேறு. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து, ஏன் இல்லை என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல், அந்த இடத்துக்குப் போய்விட்டார்கள். அந்த ரிப்போர்ட்டில் எத்தனை நாள் இடைவெளி விட்டு எடுத்தது என்றில்லை, சாம்பிளைச் சுழற்றி அடியில் படிவதைப் பார்த்தார்களா என்றும் இல்லை.

இன்னொரு தடவை எடு என்றேன். "வேற எவங்கிட்டயும் போகமாட்டேன். நீயே பாருக்கா" என்றான். இதைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

மூன்று நாள் இடைவெளி விட்டு, வீட்டில் எடுத்து, டப்பாவைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டோடு வைத்து, இருபது நிமிஷத்தில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான். 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தேன், நீர்த்துவிட்டது. அளவு 2.6 மி.லி., பி.ஹெச். 7.8. இரண்டும் சரி என்றதும் லேசாக மூச்சு வந்தது, ஏனென்றால் பிறவியிலேயே விந்தணு வருகிற குழாய் இல்லாவிட்டாலோ, விந்து வெளியேறுகிற முனையில் அடைத்திருந்தாலோ அளவு குறைந்து, புளிப்புத் தன்மைக்குப் போய்விடும். ஒரு துளியை ஸ்லைடில் வைத்து நாற்பது லென்ஸில் பார்த்தேன். வழக்கமாக அந்த வட்டத்துக்குள் குட்டையில் தலைப்பிரட்டை நெளிவதுபோல ஒரே சலசலப்பாக இருக்கும். இவனுடையதில் சில உருண்டைச் செல்கள், கொஞ்சம் தூசுபோல ஏதோ, அவ்வளவுதான். அசைவே இல்லை. மீதியை சென்ட்ரிஃப்யூஜில் கால் மணி நேரம் அதிவேகத்தில் சுழற்றி, மேலே இருப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் படிந்ததை எடுத்து மறுபடி பார்த்தேன். ஏர் ஓட்டுவதுபோல வரிசை வரிசையாக ஸ்லைடை நகர்த்தி, இரண்டு ஸ்லைடு முழுக்க. ஒன்றுகூட இல்லை.

இப்போது 'ஏன்' என்கிற கேள்வி. கோவையில் ஆண்களுக்கென்றே பார்க்கிற ஒரு யூராலஜி டாக்டரிடம் மூன்று பேருமாகப் போனோம். அவர் முதலில் உடம்பைச் சோதித்தார், விதைகள் இரண்டும் சிறுத்து மிருதுவாக இருக்கின்றன என்றார். காலை ரத்தத்தில் மூன்று ஹார்மோன் பார்க்கச் சொன்னார். எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச். இரண்டும் விதையை வேலை செய்யச் சொல்லி மூளை அனுப்புகிறவை, டெஸ்டோஸ்டீரோன் விதை செய்கிற ஆண் ஹார்மோன். வந்த ரிப்போர்ட்: எஃப்.எஸ்.ஹெச். 0.2, எல்.ஹெச். 0.1, டெஸ்டோஸ்டீரோன் 1,500-க்கு மேல். ஆணுக்கு டெஸ்டோஸ்டீரோன் வழக்கமாக 300-லிருந்து 1,000 வரை இருக்கும்.

இந்த மூன்று எண்ணும் சேர்ந்து பெரும்பாலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்கின்றன. விதையே கெட்டுப்போயிருந்தால் மூளை அதை முடுக்கிவிடுவதற்காக எஃப்.எஸ்.ஹெச்.சைக் கொட்டும், அது ஏறியிருக்கும். பாதை மட்டும் அடைத்திருந்தால் மூன்றும் சாதாரணமாக இருக்கும். மூளைக்கடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கோளாறு என்றால் மூன்றுமே இறங்கியிருக்கும். இவனுக்கு மேலே இரண்டும் அணைந்து கிடக்கிறது, டெஸ்டோஸ்டீரோன் மட்டும் உச்சத்தில் இருக்கிறது. உடம்பு செய்யாத ஹார்மோன் உடம்பில் ஓடுகிறது என்றால் வெளியிலிருந்துதான் வர வேண்டும். டாக்டர் அவனுடைய தோளையும் கையையும் ஒரு தடவை பார்த்தார். எங்கள் இருவரையும் ஐந்து நிமிஷம் வெளியே இருக்கச் சொன்னார். மனைவி, அக்கா முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் வராது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வெளியே வந்தவன் ஒன்றும் சொல்லவில்லை. காரில் வரும்போது கருமத்தம்பட்டி தாண்டித்தான் வாயைத் திறந்தான். 2020-ல் லாக்டவுன் முடிந்து ஜிம் திறந்தபோது உடம்பு இளைத்துவிட்டது என்று கூட இருந்தவர்கள் வாரம் ஒரு ஊசி போட்டுவிட ஆரம்பித்திருக்கிறார்கள். டெஸ்டோஸ்டீரோன் எனந்தேட், 250 மில்லிகிராம். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து அது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே, ஒரு வாரம் விடாமல். "ஆம்பளைக்கு நல்லதுன்னுதான் சொன்னாங்க" என்றான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றையும் சொன்னான். குழந்தை வரவில்லை என்று ஜிம்மில் ஒருத்தனிடம் சொன்னபோது, டோஸை ஏற்று, வீரியம் கூடும் என்றானாம். 2022 முழுக்க வாரத்துக்கு இரண்டு ஊசி. அவள் ஸ்கேனுக்குப் போய்க்கொண்டிருந்த அதே மாதங்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எப்படி இது நடக்கிறது என்பதை நன்றாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் அவன் நினைத்த மாதிரிதான் நினைக்கிறார்கள். விந்தணு உற்பத்திக்கு விதைக்குள்ளே டெஸ்டோஸ்டீரோன் ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு செறிவாக இருக்க வேண்டும். அதை விதையே, மூளை அனுப்புகிற எல்.ஹெச். சொல்லித்தான் செய்கிறது. ஊசியில் வெளியிலிருந்து போட்டால் ரத்தத்தில் அளவு ஏறும், மூளை அதைப் பார்த்து, போதுமான அளவு இருக்கிறதே என்று எல்.ஹெச்.சையும் எஃப்.எஸ்.ஹெச்.சையும் நிறுத்திவிடும். விதை தன் வேலையை விட்டுவிடும், உள்ளே இருந்த செறிவு சரிந்துவிடும், விந்தணு நின்றுவிடும். தசை வளரும், ஆசை குறையாது, விந்து வெளிவருவதும் வழக்கம்போல இருக்கும், அதனால் சந்தேகமே வராது. உலக சுகாதார நிறுவனம் 1990-ல் வெளியிட்ட ஒரு ஆய்வில் இதே டெஸ்டோஸ்டீரோன் எனந்தேட்டை வாரம் 200 மில்லிகிராம் ஆண்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். எதற்கு? ஆண்களுக்கான கருத்தடையாகப் பயன்படுமா என்று பார்க்க. பயன்பட்டது. என் தம்பி அதைவிடக் கூடுதலான அளவைக் குழந்தை வேண்டி எடுத்துக்கொண்டிருந்தான்.

2023 மார்ச்சில் நிறுத்தினான். நிறுத்தினால் விந்தணு திரும்பும், ஆனால் எப்போது என்று யாராலும் தேதி சொல்ல முடியாது. கருத்தடை ஆய்வுகளில் இருந்த ஆண்களைத் தொகுத்துப் பார்த்ததில் ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பேருக்கும், ஒரு வருஷத்தில் பத்தில் ஒன்பது பேருக்கும், இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் எண்ணிக்கை மீண்டது. ஜிம்மில் வருஷக்கணக்காக, பல மருந்தைக் கலந்து போட்டவர்களுக்கு இன்னும் நாளாகலாம். டாக்டர் ஹெச்.சி.ஜி. ஊசியும் ஒரு மாத்திரையும் கொடுத்தார், விதையைத் தட்டி எழுப்புவதற்கு. அளவை நான் வேண்டுமென்றே எழுதவில்லை, யாரும் பார்த்துப் போட்டுக்கொள்ளக் கூடாது.

முதல் மூன்று மாதம் அவனைப் பார்க்க முடியவில்லை. ஊசியை விட்டதும் உடம்பின் சொந்த ஹார்மோன் உடனே வந்துவிடாது, நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. படுத்தால் எழமாட்டான், எதிலும் மனமில்லை, மனைவியிடம் நெருங்கவே பயம். "திரும்ப ஒண்ணே ஒண்ணு போட்டுக்கட்டுமாக்கா" என்று ஒரு நாள் கேட்டான். இந்த இடத்தில்தான் பல பேர் திரும்பப் போய்விடுகிறார்கள். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் கண்காணிப்பில் நிறுத்துவது அதற்காகத்தான்.

ஜூனில் சாம்பிள்: ஒன்றுமில்லை. ஒரு விந்தணு உருவாகி முடியவே இரண்டரை மாதம், வெளியே வந்து சேர இன்னும் சில நாள், அதனால் மூன்று மாதத்துக்குள் எதையும் எதிர்பார்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் ஸ்லைடை வைக்கும்போது கை நடுங்கியது. ஆகஸ்டில் சுழற்றிப் பார்த்த படிவில் மூன்று இருந்தன. அதில் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. மைக்ரோஸ்கோப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போய் அவனுக்குப் போன் செய்தேன். நவம்பரில் மி.லி.க்கு 4 மில்லியன், அதாவது 40 லட்சம். 2024 பிப்ரவரியில் 18 மில்லியன், அதில் முன்னோக்கி நீந்துபவை 34 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டில் கீழ் எல்லை 16 மில்லியன், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம். இந்த எல்லை பாஸ் மார்க் கிடையாது, மனைவிக்கு ஒரு வருஷத்துக்குள் கரு நின்ற ஆண்களில் கடைசி ஐந்து சதவீதம் எங்கே தொடங்குகிறது என்பதுதான் அந்த எண். அதற்குக் கீழே இருந்தும் இயற்கையாகக் குழந்தை பெற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். "கவுண்ட்ஸ் குறைவு" என்று கேட்டதும் நொறுங்கிப் போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அந்த ஒரு வருஷமும் அவளுக்கு எந்த மருந்தும் இல்லை, தினமும் ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் தவிர. குழந்தைக்கு முயற்சி செய்கிற எல்லாப் பெண்களும், கரு நிற்பதற்கு ஒரு மாதம் முன்னாலிருந்தாவது எடுக்க வேண்டியது அது. கோபம் இருந்தது, அதை அவள் மறைக்கவில்லை. ஏப்ரல் விடுமுறையில் ஒரு நாள் தன்னுடைய பழைய ஃபைலை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். 19 ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகள், டியூப் டெஸ்ட் படம், மாத்திரைச் சீட்டுகள், எல்லாம் தேதி வரிசையில், கணக்கு டீச்சர் அடுக்கியது. "படிங்க" என்றாள். அவன் கூடத்தில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு காகிதமாகப் படித்திருக்கிறான், இரண்டு மணி நேரம். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

2024 மே கடைசியில் நாள் தள்ளியது. காலையில் வீட்டிலேயே அட்டையில் பார்த்து, இரண்டு கோடு, நம்பாமல் லேபுக்கு வந்து ரத்தம் கொடுத்தாள். ஐ.யூ.ஐ. இல்லை, டெஸ்ட் டியூப் இல்லை. 2025 தை மாதம் பெண் குழந்தை, 2.9 கிலோ. அம்மா திருக்கருகாவூருக்கு நேர்த்திக்கடன் செலுத்திவிட்டு வந்தார். ஊசி விஷயம் அம்மாவுக்குத் தெரியாது, தெரிய வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

இந்தக் கேஸில் ஒரு வருஷம் காத்திருந்தது தப்பில்லை என்று மேலே சொன்னேன், ஆனால் ஊசி விஷயத்தை யாராவது முன்பே கேட்டிருந்தால் அந்த வருஷமும் தேவைப்பட்டிருக்காது. 12 மாதம் என்பது இருவருக்கும் எந்தக் குறையும் தெரியாதவர்களுக்கு மட்டும்தான். மாதவிடாய் 21 நாளுக்குள்ளோ 35 நாளுக்கு மேலோ வந்தாலும், மாதக்கணக்கில் வராமலே இருந்தாலும், வேலைக்குப் போக முடியாத அளவு வலித்தாலும் காத்திருக்க வேண்டாம். முன்பு காசநோய், குடல்வால் வெடித்தது, குழாயில் கரு தங்கியது, இரண்டு தடவைக்கு மேல் கலைந்தது என்று ஏதாவது இருந்தாலும் அப்படித்தான். ஆண் பக்கத்தில் சின்ன வயதில் விதை இறங்காமல் ஆபரேஷன் செய்தது, பெரியவனானபின் பொன்னுக்கு வீங்கி வந்து விதையும் வீங்கியது, ஹெர்னியா ஆபரேஷன், புற்றுநோய் மருந்து, சேர்வதிலேயே சிரமம், அப்புறம் ஜிம் ஊசி. கடைசி ஒன்றைத்தான் யாரும் கேட்பதில்லை. மாதம் ஒரு நாள் லாட்ஜில் ரூம் போட்டு "ஆண்மைக் குறைவு" பார்க்கிறவர்கள் கொடுக்கிற பெயர் தெரியாத ஊசியையும் பொடியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் லேபில் விந்துப் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற தாளில் பெயர், வயது, எத்தனை நாள் இடைவெளி, எத்தனை மணிக்கு எடுத்தது என்று நாலு வரிதான் இருந்தது. 2023 ஏப்ரலில் ஓனரிடம் கேட்டு ஐந்தாவது வரி சேர்த்தேன்: கடந்த ஒரு வருஷத்தில் ஊசி, ஜிம் மருந்து, ஆண்மை மருந்து ஏதாவது எடுத்ததுண்டா? ஆரம்பத்தில் எல்லோரும் "இல்லை" என்றே எழுதினார்கள். அப்புறம் தாளை மனைவி பக்கத்தில் இருக்கும்போது நீட்டாமல், உள்ளே சாம்பிள் டப்பாவோடு சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தேன். போன மாதம் ஒரு பையன், 27 வயதிருக்கும், அந்த வரியில் மருந்தின் பெயரை எழுதாமல் "ஆமா" என்று மட்டும் எழுதினான். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இதுனால ஏதாச்சும் ஆகுங்களாக்கா?" என்று கேட்டான். உட்காரச் சொன்னேன்.